சிவப்புக்கு அடுத்த இடம்

குணசுந்தரி ஒரு படத்தைப் பார்க்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். கன்டெய்னர் லாரிகள் போகும்போது மேசை அதிரும். இரும்பில் பெரிதாக எதையாவது கட்டப்போகிறவர்கள், அது தாங்குமா என்று எங்களிடம் கேட்பார்கள். நாங்கள் அதைக் கணினிக்குள் கட்டி, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எடையை ஏற்றிப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்பதை மென்பொருள் நிறத்தில் காட்டும். நீலம் என்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறி, மிக அதிகமாக இழுபடும் இடத்தில் சிவப்பு. லட்சக்கணக்கான கட்டங்களில் அந்த உச்சம் எங்கே என்று கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு பொத்தானைத் தட்டினால் மென்பொருளே அந்த இடத்தில் கொடி நட்டுவிடும். நாங்கள் எல்லோரும் கொடியைப் பார்ப்போம். குணசுந்தரி திரையில் உள்ளங்கையை வைத்து அந்தக் கொடியை மறைத்துக்கொண்டு, மற்ற இடங்களைப் பார்ப்பாள். நிஜமாகவே கையை வைப்பாள். அவள் திரையில் எப்போதும் எண்ணெய்க் கைரேகை இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு தகடுகள் கூர்மையாகச் சேரும் உள்மூலையில் மென்பொருள் எப்போதும் ஒரு பெரிய எண்ணைக் காட்டும். கட்டங்களைப் பொடியாக்கினால் அந்த எண் ஏறும். இன்னும் பொடியாக்கினால் இன்னும் ஏறும். அதற்கு முடிவே கிடையாது. இரும்பு அங்கே அப்படி இழுபடுவதில்லை, அது கணக்கின் கோளாறு. நிஜமான உச்சம் ஓரளவுக்கு ஏறி, ஒரு எண்ணில் நின்றுவிடும். தொல்லை என்னவென்றால், பொய்ச் சிவப்பு பெரும்பாலும் நிஜத்தைவிடப் பெரிதாக இருக்கும். மொத்த நிறத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே வருந்துகிற இடம் எங்கேயோ ஒரு ஓரத்தில் வெளிர்நீலமாக உட்கார்ந்திருக்கும்.

"சாவு வூடு மாதிரிதான் ஜெயா," என்பாள். "கத்தி அழறவங்களயே எல்லாரும் பார்ப்பாங்க. செவுத்தோரமா ஒண்ணு கம்முனு உக்காந்துகினு இருக்கும். அத்த யாரும் பாக்கறதில்ல."

அவள் காசிமேட்டுக்காரி. அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். அவள் கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு, தெற்கே பளபளக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போகாமல், வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம் என்று எங்கள் டயர் கடை மாடிக்கு வந்தாள். மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாசனையில் மாடியே மணக்கும். எங்கள் முதலாளி மொஹ்சின் சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். திரும்பி வரும்போது ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு முன் எண்ணூர்ப் பக்கம் ஒரு படகுப் பட்டறைக்காரர் எங்களிடம் வந்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் பழுதுபார்க்க வரும் விசைப்படகுகளை அதுவரை சரிவுமேடையில் வின்ச் போட்டு இழுத்து ஏற்றி, வேலை முடிந்ததும் அதே சரிவில் நழுவவிட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அப்படியே தூக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். சக்கரம் வைத்த பெரிய இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் இரண்டு அகலமான பட்டைகள். படகின் முன்வயிற்றுக்கு ஒன்று, பின்வயிற்றுக்கு ஒன்று. பட்டைகளின் நான்கு முனைகளும் சட்டத்தின் நான்கு காதுகளில் மாட்டியிருக்கும். ஓட்டை போட்ட தடித்த தகட்டைத்தான் காது என்பார்கள். சட்டம் படகைத் தூக்கி, நகர்ந்துபோய், தண்ணீருக்கு மேல் நிறுத்தி, மெதுவாக இறக்கும்.

கணக்கைக் குணசுந்தரி போட்டாள். காற்று, பிரேக் பிடிக்கும்போது வரும் ஆட்டம், சக்கரம் பள்ளத்தில் இறங்குவது என்று ஒவ்வொரு நிலைமையையும் தனித்தனியாக ஏற்றிப் பார்த்தாள். சட்டத்தின் உள்மூலையில் வழக்கமான பொய்ச் சிவப்பு. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் எல்லாம் நீலம், பச்சை. தாராளமாகத் தாங்கும். வரைபடங்கள் அம்பத்தூரில் தகடு வெட்டும் இடத்துக்குப் போய்விட்டன. முதலில் இறங்கப்போகிற படகே அவள் அண்ணன் வெற்றியின் படகுதான்.

தடைக்காலத்தில் அவருக்கு வேலை இல்லை. ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய பையோடு மாடி ஏறி வந்தார். அவள் திரையில் சட்டமும் படகும் நிறம் நிறமாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா குணா, நம்ப போட்டு மாரியே கீது? ஹோலிக்குப் போய்ட்டு வந்துச்சா?"

"நம்ப போட்டுதான். கைய வெக்காத, நவுரு."

"அம்மா கண்டிஷனா சொல்லிச்சி. எறக்கற அன்னிக்கி நீயும் ஏறணுமாம்."

"ஏறலாம், ஏறலாம். தண்ணில எறங்கட்டும்."

"எறங்கனப்புறம் ஏறி இன்னா பண்ணப்போற? தூக்கறதுக்கு முன்னாடியே ஏறணும்மே. கீழ நின்னுகினா பூசணிக்கா ஒடைப்பாங்க? எப்பவும் குடும்பத்தோட ஏறிகினுதானே எறங்குவோம்."

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"ஐஸு?"

"ஐஸு, டீசலு, வலை எல்லாம் பட்டறையிலயே ஏத்திடுவேன். லாரி பக்கத்துல வந்து நிக்கும். தடை முடியற அன்னிக்கி காசிமேட்ல கால் வெக்க எடம் கெடைக்குமா? இன்னா, பேயறைஞ்சா மாரி பாக்கற?"

அவளுக்கு அது தெரியாத விஷயம் இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படி ஏறி இறங்கியவள்தான். சரிவில் நழுவும் படகுக்கு மேலே ஆட்கள் இருந்தால் எந்தக் கேடும் இல்லை, அதனால் அந்த வழக்கம் அவளுக்குக் கணக்காகவே தோன்றியதில்லை. இப்போது அதே படகு அந்தரத்தில் தொங்கப்போகிறது. பட்டறைக்காரர் தந்தது காலிப் படகின் எடை. நாங்கள் உச்சத்தைத் தேடியதெல்லாம் காலிப் படகுக்குள்தான். நாம் ஏற்றிப் பார்க்காத நிலைமையில் இருக்கும் உச்சத்தை எந்த மென்பொருளும் காட்டாது.

ஆட்களையும் ஏற்றி மறுபடி கணக்குப் போட வேண்டும் என்று மொஹ்சின் சாரிடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"தகடு வெட்ட ஆரம்பிச்சாச்சேம்மா. பூஜைக்கெல்லாம் யாராவது கணக்கு போடுவாங்களா?"

"பூஜைக்கு இல்ல சார், எங்க அண்ணனுக்கு."

"ஆட்கள் ஏறக்கூடாதுன்னு ஒரு போர்டு வச்சுடலாமே."

"வைங்க சார். அந்த போர்டுக்குத்தான் மொத மாலை போடுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். "சரி, போட்டுப் பாரு."

புதிய நிலைமைக்கு அவள் வைத்த பெயர் 'அண்ணன்'. காற்று, பிரேக், பள்ளம், அண்ணன். படகின் பின்பாதியில் ஐஸையும் டீசலையும் வலையையும் ஏற்றினாள். பிறகு ஆட்கள். படகு தண்ணீருக்கு மேல் நிற்கும்போது அத்தனை பேரும் கரையில் இருப்பவர்களைப் பார்த்துக் கையாட்ட ஒரே பக்கமாக ஓடுவார்கள். அதனால் எல்லோரையும் கரைப்பக்கம் நிறுத்தினாள். எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் மனதுக்குள் வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்தாள்.

"இது யாரு?"

"கடைசி நிமிஷத்துல ஓடியாந்து ஏர்றவங்க. எப்பவும் இருப்பாங்க."

கணக்கு முடிந்தது. கொடி பழைய மூலையிலேயே நின்றது. எண் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. "ஒண்ணும் மாறலையே," என்றேன். மொஹ்சின் சாரும் பின்னால் வந்து நின்று, "பார்த்தியா?" என்றார்.

அவள் உள்ளங்கையைத் திரையில் வைத்தாள். பிறகு அந்த மூலையையும் அதைப் போன்ற மற்ற மூலைகளையும் தேடலிலிருந்து நீக்கிவிட்டு, நிறங்களைப் புதிதாகப் பிரிக்கச் சொன்னாள்.

அந்தக் கணம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டம் முழுவதும் மெல்ல நீலமாகியது. தூண்கள் நீலம், உத்தரம் நீலம், எங்களைப் பயமுறுத்த வேண்டிய பெரிய இரும்பெல்லாம் நீலம். பின்பக்கம், கரையோரம் இருந்த ஒரே ஒரு காதின் ஓட்டை விளிம்பில் மட்டும் நகக்கண் அளவுக்குச் சிவப்பு. அவ்வளவு பெரிய சட்டத்தில், அத்தனை மனிதர்களும் அத்தனை ஐஸும் சேர்ந்து, அந்த ஒரு விளிம்பில் போய்த் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பு பார்த்தபோது அந்த இடம் எங்களுக்குப் பச்சையாகக்கூடத் தெரியவில்லை.

அதுவும் பொய்யாக இருக்கலாம். அவள் கட்டங்களைப் பாதியாகப் பொடித்தாள். மூலையின் எண் எகிறியது. காதின் எண் கொஞ்சம் அசைந்தது. இன்னும் பொடித்தாள். மூலை மறுபடி எகிறியது.

"காது நிக்குது," என்றாள் மெதுவாக.

அந்த இரும்பு தாங்கக்கூடியதற்கு மேலே நின்றது அந்த எண். கீழே டயரைப் பஞ்சர் பார்க்கும் சத்தம் கேட்டது. மொஹ்சின் சார் போனை எடுத்து அம்பத்தூருக்குப் பேசினார். "மத்தது வெட்டுங்க. காதை மட்டும் நிறுத்துங்க. ஆமா, நாலும்தான்." காதுகளைத் தடிமனாக்கி, ஓட்டையைச் சுற்றி வளையத் தகடு வைத்துப் புதிதாக வரைந்தாள். ஆட்கள் ஏறக்கூடாது என்று போர்டும் எழுதிக் கொடுத்தோம்.

படகு இறக்கும் நாளில் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போர்டுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. சட்டத்தை இயக்குபவர் ஆட்களை இறங்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார். மேலே அம்மா, சித்தி, கைக்குழந்தைகள், கற்பூரத் தட்டோடு வெற்றி.

"ஏய் குணா! ஏறுமே!"

"நான் கீழ நின்னு பாக்கணும், நீ போ!"

"இன்னாத்த பாக்கப்போற? நான் இன்னா சினிமா ஸ்டாரா?"

சட்டம் முனகியது. பட்டைகள் இறுகின. மண்ணில் உட்கார்ந்திருந்த படகு, வீட்டளவு படகு, ஐஸோடும் ஆட்களோடும் எழுந்து எங்கள் தலைக்கு மேலே போனது. எல்லோரும் படகையே அண்ணாந்து பார்த்தார்கள். நானும்தான். குணசுந்தரி மட்டும் அந்தப் பின்பக்கக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு மேலே நின்றதும் அவள் சொன்னபடியே எல்லோரும் கரைப்பக்கம் ஓடினார்கள், கை ஆட்டினார்கள். படகு இலேசாகச் சாய்ந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். படகின் வயிறு தண்ணீரைத் தொடும்வரை விடவில்லை. பூசணிக்காய் உடைந்தது. அவள் உடனே தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வருடமும் கீழேதான் நின்றாள். போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. முப்பத்தாறு வயது. வீட்டில் வெற்றி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார், எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எங்கே பார்ப்பாள் என்று யோசித்துத் திரும்பினேன். வாசலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரமாக, மொஹ்சின் சார் இரண்டு செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் போய் ஒரு நாற்காலி போட்டேன்.

இந்த வருடம் படகு இறக்கும்போது நானும் சாரும் போயிருந்தோம். நான் வழக்கம்போல அந்தக் காதுக்கு நேரே கீழே போய் நின்றேன். புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். என் கைப்பிடி அளவு தடிமன். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

மேலேயிருந்து வெற்றி கூப்பிட்டார். "ஜெயா! அங்க இன்னா பண்ற? குணா எடத்துல நீயாவது ஏறு!"

"நான் பார்க்கணும்ண்ணே."

"அத்தப் பாக்கத்தான் சாரு கீறாரே!"

திரும்பிப் பார்த்தேன். மொஹ்சின் சார் வெயிலுக்கு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, காதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். போ என்று தலையை அசைத்தார்.

பட்டைகள் இறுக ஆரம்பித்துவிட்டன. ஏணியை எடுக்கப் போனார்கள். நான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். யாரோ கையைப் பிடித்துத் தூக்கினார்கள். கால் பலகையில் பட்டதும் படகு மண்ணைவிட்டு எழுந்தது. தண்ணீருக்கு மேல் வந்து நின்றபோது எல்லோரும் கரைப்பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவள் எனக்கும் சேர்த்து எடை போட்டு வைத்திருந்தாள்.