ஊராரின் கடிதங்களோடு ஒரு ரெயின் பயணம்

வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்கு என் மகன் வேலைக்குப் போகிற வழியில் மல்வேர்னிலிருந்து என்னைக் கொண்டுவந்து பிக்கரிங் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அக்கா எனக்கு முன்னமே வந்து வாங்குப் பலகையில் இருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அக்கா என்று நான் சொல்வது கூடப்பிறந்தவரை அல்ல. என் கணவரின் தமையனுடைய மனைவி. அந்த அத்தான் ஊரில் நெடுங்காலம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருடைய தகப்பனாரும் அரசியலில் பெயர் எடுத்தவர். இரண்டு தலைமுறைக் கடதாசி அந்த வீட்டில் இருந்தது. மேடைப் பேச்சுகள், நாட்குறிப்புகள், படங்கள், பெரிய மனிதர்கள் எழுதிய கடிதங்கள். இடம்பெயர்ந்த நேரமெல்லாம் அக்கா அண்டா குண்டாவை விட்டுவிட்டுக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கனடா வந்து பார்க்டேலில் ஓர் அறை அப்பார்ட்மென்டில் இருந்தபோது அவை கட்டிலுக்குக் கீழே இருந்தன. அத்தான் காலமானார். அக்கா மகள் வதனியோடு பிக்கரிங்குக்கு வந்தார். கடதாசிகளும் வந்தன.

இப்போது ரொறன்ரோ நகரத்துக்குள் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகம் எல்லாவற்றையும் வாங்கிப் பாதுகாப்பாக வைக்கச் சம்மதித்திருக்கிறது. வதனி பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். பின் சீற் நிரம்பியது, முன் சீற்றும் நிரம்பியது. எங்களுக்கு இடமில்லை.

“பெட்டிக்கு சீற் பெல்ற் போட்டவள், பெத்த தாய்க்கு ரெயின் அட்டை தந்தவள்” என்றார் அக்கா.

ஸ்டேஷனில் இரண்டு பேருக்கும் ஒரு தேநீர் வாங்கினோம். இரண்டு டொலர் பத்துச் சதம். பாதிப் பாதி குடித்தோம்.

“பைக்குள்ள என்ன அக்கா?” என்று கேட்டேன்.

“வதனிக்குத் தெரியாது. நேற்றுப் பெட்டியிலை இருந்து எடுத்துப்போட்டன். சனம் அவருக்கு எழுதின கடிதங்கள்.”

எனக்கு அந்தக் கடிதங்களைத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் எம்.பி.க்கு மனு எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. கேட்க வந்ததை உடனே கேட்க மாட்டார்கள். முதலில் வீட்டுக் கதை முழுவதும் எழுதுவார்கள். பேசி முறிந்த கலியாணம், சீதனக் காணி வழக்கு, சொல்வழி கேளாத மகன், சித்தம் கலங்கிய தங்கச்சி. எல்லாம் எழுதிக் கடைசி இரண்டு வரியில்தான் வேலையோ, ஆஸ்பத்திரிக் கட்டிலோ கேட்பார்கள். அத்தான் ஒன்றையும் எறியவில்லை. பதிலின் பிரதியையும் சேர்த்துக் குத்தி, ஊர் ஊராகக் கட்டி வைத்தார்.

“இது எங்கட குடும்பத்தின்ர கடதாசி இல்லை, பிள்ளை. அழுது எழுதினவையின்ர. அவையின்ர பேரப்பிள்ளையள் இப்ப இஞ்சை டொக்டரும் லோயருமாய் இருக்குதுகள். ஆரோ ஒருத்தன் இதைப் படிச்சுப் புத்தகம் எழுதினால்? லைப்ரரியிலை கேட்டுப் பாப்பம். மனதுக்குப் பிடிக்கேல்லையெண்டால் திருப்பிக் கொண்டுபோய் எரிச்சுவிடுவன்.”

எனக்கு எப்போதும் பேச்சு பிந்தித்தான் வரும்.

ஒன்பது மணி கழிந்து ரெயின் வந்தது. பச்சையும் வெள்ளையுமாக இரண்டு தட்டு ரெயின். மேல்தட்டுக்கு ஏற முழங்கால் விடவில்லை. கீழேயே இருந்தோம். யூனியன் ஸ்டேஷனுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். ரூஜ் ஹில் பக்கம் வந்ததும் இடது கைப்பக்கம் ஏரி. ஏரி என்றுதான் சொல்கிறார்கள், மறுகரை கண்ணுக்குத் தெரியாது. அக்கா ஏரியைப் பார்க்கவில்லை. பையின் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ரூஜ் ஹில்லில் ஏறிய ஒருவர் எங்களுக்கு எதிரில் இருந்தார். மஞ்சள் வேலைச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். எம்.பி., கடிதம் என்று நாங்கள் கதைத்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. எந்த எம்.பி. அன்ரி?”

அக்கா ஒருநாளும் அத்தானின் பெயரை வாயால் சொன்னதில்லை. நானும் சொல்லிப் பழகவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் விளங்கிக்கொண்டு தானே ஒரு பெயர் சொன்னார். இல்லையென்று தலையாட்டினோம். இன்னொன்று சொன்னார். அதுவும் இல்லை. மூன்றாவதுக்கு அக்கா ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஐயோ, ஐயாவே! நாங்கள் தீவுப்பக்க ஆக்கள், அன்ரி. எங்கட அப்பா நல்லதண்ணிக் கிணறு கேட்டு அவருக்கு எழுதினவர்.”

“கிணறு வந்ததோ?” என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார்.

“கிணறு எங்கை வந்தது! பதில்தான் வந்தது. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவி வைச்சவர். வாறவைக்கெல்லாம் காட்டுவார். அம்மா சொல்லுவா, தண்ணி விடாய்ச்சால் அந்தக் கடிதத்தைப் பாருங்கோ எண்டு.”

மூவரும் சிரித்தோம். அக்கா இப்படி வாய்விட்டுச் சிரித்துக் கனகாலம்.

பிறகு அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வீடு போனதோடை எல்லாம் போயிட்டுது. அப்பாவின்ர ஒரு படம் இல்லை. ஒரு கையெழுத்துக்கூட எங்களிட்டை இல்லை. வடிவான எழுத்து அன்ரி அவருக்கு.”

அக்கா பையைத் திறக்கவில்லை. மூடவும் இல்லை. டான்ஃபோர்த்தில் ரெயின் நின்றதும் அவர் “வாறன் அன்ரி” என்று இறங்கிப் போய்விட்டார். அவருடைய தகப்பனின் பெயரைக் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

யூனியனில் இறங்கினால் சனவெள்ளம். எல்லோரும் ஏதோ பிடிக்க ஓடுவது போலிருந்தது. வழி கேட்க நான் கூச்சப்பட்டு நிற்க, அக்கா ஒரு சீனப் பிள்ளையைப் பிடித்து “சப்வே, சென் ஜோர்ஜ்?” என்றார். அந்தப் பிள்ளை படிவரை கொண்டுவந்து விட்டது. நிலத்துக்குக் கீழே ஆறாவது நிறுத்தம். சென் ஜோர்ஜில் மேலே வந்தபோது வதனி காத்துக்கொண்டு நின்றாள்.

நூலகத்தில் எங்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். சன்னலில் திரை போட்டிருந்தது. வெயில் கடதாசிக்கு ஆகாதாம். பெட்டிகளைப் பொறுப்பெடுக்கும் பெண்ணின் பெயர் கதரின். வெள்ளைக்காரி, நரைத்த தலை, மெல்லிய குரல். ஒரு பெட்டியைத் திறந்தாள். காய்ந்த வேப்பிலைகள் விழுந்தன. பூச்சி வராமலிருக்க அக்கா போட்டவை. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தாளில் வைத்துவிட்டு, பெட்டிகள் முதலில் சில நாள் கடுங்குளிர் அறையில் இருக்க வேண்டும், அப்போதுதான் பூச்சி முட்டை சாகும் என்றாள். வதனி தமிழில் சொன்னாள்.

“அவருக்குக் குளிர் கடைசிவரைக்கும் ஒத்துவரேல்லை. கடதாசியெண்டாலும் பழகட்டும்” என்றார் அக்கா.

வதனி இதை மொழிபெயர்த்தாளோ தெரியாது. கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் அக்கா பையிலிருந்து கடிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“அம்மா! இதென்ன? இது ரெண்டாம் பெட்டியிலை எல்லோ இருந்தது?”

“இருந்தது. இப்ப என்னட்டை இருக்கு. உந்தப் பொம்பிளையிட்டைக் கேள், இதை ஆர் ஆர் பாப்பினம்?”

அக்கா சொல்லச் சொல்ல வதனி மொழிபெயர்த்தாள்; கதரின் கதையை முழுவதும் கேட்டாள். பிறகு, இப்படியான கடிதங்களைப் பூட்டி வைக்கலாம், ஐம்பது வருடத்துக்கு ஒருவருக்கும் காட்டாமல் வைக்கலாம், அப்படி உடன்படிக்கையில் எழுதிவிடலாம் என்றாள்.

“ஒருத்தருக்கும் காட்டாயினமோ?”

“ஒருத்தருக்கும் இல்லையாம் அம்மா.”

அக்காவின் தோள் இறங்கியது. இத்தனை தூரம் தூக்கிக்கொண்டு வந்த பாரம் இறங்கியது போல ஒரு பெருமூச்சு. கதரின் தாளில் அதை எழுதிக் காட்டினாள். அக்கா பேனையை எடுத்தார்.

படித்தவர்கள் இருக்கிற இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தேன்.

“அக்கா, பிள்ளையள்?”

“எந்தப் பிள்ளையள்?”

“எழுதினவையின்ர பிள்ளையள். ஐம்பது வருசத்திலை அவையும் இருக்க மாட்டினம்.”

அக்கா பேனையைக் கீழே வைத்தார். மஞ்சள் சட்டைக்காரர் விரித்த வெறுங்கை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“வதனி, உந்தப் பொம்பிளைக்குச் சொல்லு. வேறை ஆக்களுக்குப் பூட்டு. எழுதினவையோ, அவையின்ர பிள்ளையளோ வந்து கேட்டால், அவையின்ர கடிதத்தை மட்டும் எடுத்துக் காட்ட வேணும். அப்பிடி எழுதினால் கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி நான் போறன்.”

“அம்மா, இது லைப்ரரி. எங்கட வீட்டுச் சட்டம் இஞ்சை சரிவராது.”

“நீ சொல்லு.”

வதனி சொன்னாள். எந்தக் கடிதம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கதரின் கேட்டாள். அக்கா கட்டை அவிழ்த்துக் காட்டினார். ஊருக்கு ஊர் ஒரு மட்டைக் கோப்பு, மட்டையின் மேல் அத்தானின் கையால் ஊரின் பெயர். கதரின் குனிந்து பார்த்தாள். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று வெளியே போனாள்.

நாங்கள் மூவரும் காத்திருந்தோம். மறுத்தால் அக்கா எழும்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கட்டு நெருப்புக்குத்தான்.

கதரின் புதிதாக அச்சடித்த தாளோடு திரும்பி வந்தாள். அந்த நிபந்தனை அதில் இருந்தது. வதனி இரண்டு தரம் தமிழில் வாசித்தாள். அக்கா மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார். பிறகுதான் தமிழில் கையெழுத்து வைத்தார். கதரின் மட்டைகளை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். அந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஓர் அலுவலகத்தில் எவரும் எங்கள் கடிதத்தை இப்படி வாங்கியதை நான் கண்டதில்லை.

திரும்பி வரும்போது காரில் இடம் தாராளமாக இருந்தது. அக்கா முன் சீற்றில் இருந்து வழி முழுவதும் கதைத்தார். பிக்கரிங் வந்துசேர ஐந்து மணி.

அவருடைய அறைக்குள் போனேன். சுவரோரம் பெட்டிகள் இருந்த இடத்தில் கம்பளம் பழைய நிறத்தில், அழுந்திப் போய்க் கிடந்தது. அக்கா குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் வதனியைக் கூப்பிட்டு ஒரு மெத்தை கொண்டுவரச் சொன்னார்.

இத்தனை வருடமாக நான் அந்த வீட்டில் ஓர் இரவும் தங்கியதில்லை. பொழுதுபட முன்னம் மல்வேர்ன் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

“மகனுக்குப் போன் எடுத்துச் சொல்லு, நாளைக்கு வாறனெண்டு” என்றார் அக்கா. “இனி இஞ்சை ஓராள் படுக்கலாம்.”