செவலையின் கழுத்துப் பூட்டு

“ஏம்மா, மாட்டுக்குப் போயி யாராச்சும் பூட்டு போடுவாங்களா?” என்று கேட்டார், வெள்ளம் வடிந்தபின் சேதம் பார்க்க வந்த அதிகாரி. சேறு படாமலிருக்க பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே மாடு கட்டியிருந்த அந்தக் கல்கம்பத்தில் கட்டிப் பூட்டியிருப்பேன். அன்றைக்கு அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆமாம் ஐயா, போடுவோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் போடுகிறோம். ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே வந்தால் ஆற்றை ஒட்டி இருக்கிற ஊர் எங்களுடையது. காலையில் கம்பெனி பஸ் ஆண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பெண்களை, ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸுக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பட்டப்பகலில் ஊரில் ஈ காக்கை இருக்காது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? குட்டி யானை வண்டியைக் கொட்டகைக்கே பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துவான், கயிற்றை அறுப்பான், ஏற்றுவான், கொஞ்ச நேரத்தில் கர்நாடகா. அதற்கப்புறம் இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் அந்தப் பக்கம் கையைக் காட்டுவார், அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் இந்தப் பக்கம் கையைக் காட்டுவார். மாடு போனது போனதுதான்.

அதனால் ஊரே கயிற்றை விட்டுவிட்டு இரும்புச் சங்கிலிக்கு மாறியது. கழுத்தைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, மறுமுனை கல்கம்பத்தில். என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், எங்கள் பசு செவலையின் கம்பத்தைச் சுற்றி சிமென்ட் போட்டுக் கெட்டிப்படுத்தினார். சாவி அவருடைய பைக் சாவிக் கொத்தில்; பஸ் நிற்கிற இடம்வரை பைக்கில் போவதால் கொத்து எப்போதும் அவரோடுதான். பாலிஹவுஸில் குனிந்து நிமிர்கிற வேலையில் நான் எங்கேயாவது தொலைத்துவிடுவேன் என்பது அவர் நினைப்பு. சாயங்காலம் அவர் வந்து திறந்தால்தான் மாடு மேய்ச்சலுக்கு.

செவலை எங்கள் கொட்டகையிலேயே பிறந்தவள். காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரு கம்பெனி என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது அவள்தான். என் குரல் கேட்டால் தீவனத்தில் வாய் வைத்திருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் பக்கத்தில், முதல் சினையோடு, அவள் கன்றான கிடேரி. இந்த இரண்டும்தான் வீட்டு அடுப்பு எரிய ஆதாரம். கம்பெனிச் சம்பளமெல்லாம் வரும்வரைதான் வரும்.

மழைக்காலத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். பேரிடர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, டார்ச், மாத்திரை, முக்கியமான சாவிகளின் இரண்டாவது சாவி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள் என்றார்கள். ‘ஆடு மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள்’ என்றார்கள். அவிழ்க்க எங்கள் ஊரில் கயிறு ஏது? வகுப்பு எடுத்த மனிதர் ஒரே ஒரு கொட்டகைக்குள் தலையை நீட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். படத்தில் இருந்த மாடு கயிற்றில் கட்டியிருந்தது, அதை வைத்துக்கொண்டே பாடம் முடிந்துவிட்டது.

என் பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எழுந்து நின்று கேட்டார்: “சார், கம்பெனில ஷிப்ட்டு மாறுனா ஊருக்கே கேக்கற மாதிரி சங்கு ஊதறாங்க. டேமைத் தொறந்து ஆத்துல தண்ணி வுட்டா ஒரு சங்கு ஊதக் கூடாதா?”

“அதெல்லாம் பழைய காலம்மா. இப்ப நேரா உங்க போனுக்கே மெசேஜ் வரும்” என்றார் அவர்.

போன் நம்பர் எழுத வந்த பெண்ணிடம் என் நம்பரைச் சொன்னேன். “குடும்பத் தலைவர் நம்பர் சொல்லுங்கக்கா” என்றாள். “அவரு பகல்ல போனை எடுக்க மாட்டாரும்மா, கம்பெனி லாக்கர்ல வெச்சிருவாங்க” என்றேன். “பரவால்லக்கா, ரூல்ஸ் அப்படித்தான்” என்று அவர் நம்பரையே எழுதிக்கொண்டாள். எங்கள் தெருவில் அத்தனை வீட்டுக்கும் இதே கதைதான். ஊர் மொத்தத்துக்குமான எச்சரிக்கையைக் கொண்டுபோய்க் கம்பெனி லாக்கருக்குள் போட்டுப் பூட்டினார்கள். இதற்கு ஒரு போட்டோ வேறு, எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி!

சொன்னபடி நானும் பை ஒன்று தயார் செய்தேன். பூட்டின் இரண்டாவது சாவியையும் அதில்தான் போட்டேன். பத்திரமாக வையுங்கள் என்றால் எங்கள் வீடுகளில் பத்திரமான இடம் எது? பீரோ. வைத்தேன், பூட்டினேன். பீரோ சாவி எங்கே? அவருடைய பைக் சாவிக் கொத்தில்! இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் அவரவர் பீரோ சாவி இந்த நிமிஷம் யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அன்றைக்கு எங்கள் ஊரில் சுள்ளென்று வெயில். மழையெல்லாம் மேலே பெங்களூர்ப் பக்கம். அரை நாள் லீவு போட்டு மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்த பக்கத்து வீட்டு அக்கா தெருவில் ஓடி வந்தார். “அய்யோ தேவுடா, தக்காளித் தோட்டத்துல தண்ணி வந்துருச்சுடி! மாட்டை அவுருடி!” என்று கத்தினார். பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். வெள்ளை நுரையைத் தள்ளிக்கொண்டு ஆறு எங்கள் வரப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கொட்டகை வீட்டை விடப் பள்ளத்தில் இருக்கிறது. செவலையின் குளம்பு அப்போதே நனைந்திருந்தது.

கம்பெனி கேட் நம்பருக்குப் போன் போட்டேன். செக்யூரிட்டி எடுத்தார்.

“அண்ணா, ஊர்ல வெள்ளம். எங்க வீட்டுக்காரர்கிட்ட மாட்டுப் பூட்டுச் சாவி இருக்குதுங்க. ஒடனே அனுப்புங்கண்ணா.”

“என்னாது, மாட்டுச் சாவியா? அம்மா, மெஷின் லைன்ல ஆளு இருக்கறப்ப கூப்புட முடியாதும்மா. சூப்பர்வைசரு மீட்டிங்ல இருக்காரு. வந்ததும் சொல்றேன்.”

“உசுரு போவுதுண்ணா!”

“யாருக்கும்மா ஒடம்புக்கு முடியல?”

மாட்டுக்கு என்று சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கல்லை எடுத்துப் பூட்டின்மேல் போட்டேன், அது செவலையின் கழுத்தில்தான் இடித்தது. ஆக்சா பிளேடு வைத்து அறுத்தேன், அது பட்டென்று முறிந்தது. பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் அறுக்கிற மெஷின் இருக்கிறது, போன் செய்தேன். கரண்ட் இல்லை, பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கிறார்களாம். கடப்பாரையோடு உள்ளே ஓடி பீரோவைக் குத்தினேன். கதவு நசுங்கியதே தவிர திறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு அப்பா பார்த்துப் பார்த்துக் கெட்டியாக வாங்கிக் கொடுத்த பீரோ அது.

பிறகு அக்காவும் நானும் கம்பத்தைத் தோண்டினோம். கிடேரியின் கம்பத்துக்கு சிமென்ட் இல்லை, மண் ஊறி இளகியிருந்தது. இரண்டு பேரும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினோம். கல்லைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே கிடேரி மேட்டுக்கு ஓடியது. அக்கா அதன் பின்னால் போனார். செவலையின் கம்பத்தில் கடப்பாரை போட்டால் சிமென்ட்டில் பட்டுத் தெறித்தது. தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. சங்கிலி குட்டை. அவள் தலையைத் தூக்கத் தூக்க அது கீழே இழுத்தது. தாடையை என் தோளில் வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா திரும்பி வந்து என் முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். அவர் இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

ஷிப்ட் முடிந்துதான் என் வீட்டுக்காரருக்குச் சேதி தெரிந்தது. லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது மெசேஜ் காத்திருந்ததாம்: கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். அவர் பக்கத்தில் நின்றவர்கள் போனிலெல்லாம் அதே மெசேஜ். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் லாக்கர் ரூமில் நின்று ஒன்றாகப் படித்திருக்கிறார்கள்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அவர் சேற்றில் கிடந்த செவலையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பூட்டில் சாவியைப் போட்டார். ஒரே திருப்பில் திறந்துகொண்டது. நான் அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் நின்றேன். அவர் செவலையின் காதைத் தடவிக்கொண்டு “சிமென்ட் போட்டது நான்தானே” என்று அழுதார். எனக்குத் திட்டவும் ஆள் இல்லாமல் போயிற்று.

அதற்கப்புறம்தான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதிகாரி வந்தார். “நாங்க மெசேஜ் அனுப்பிட்டோமே” என்றார். அனுப்பினீர்கள் ஐயா. எங்கே அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். பகலில் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், மாடு எதில் கட்டியிருக்கிறது, சங்கு கேட்ட பொம்பளைக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேளுங்கள். பூட்டைப் பற்றிக் கடைசியாகக் கேளுங்கள்.

இப்போது கிடேரியைக் கயிற்றில்தான் கட்டுகிறேன், இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சு. போன வாரமும் பக்கத்து ஊரில் பகலில் மாடு போயிருக்கிறது. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: “ஏன்டி, வெறும் கயித்துல கட்டிட்டு வேலைக்குப் போறியே, திருடன் வந்து ஓட்டிட்டுப் போயிட்டா?”

“போவட்டும்க்கா” என்றேன். “திருடன் ஓட்டிட்டுப் போனா எங்கியாச்சும் உசுரோட நிக்கும்.”