கை பார்க்காமல் கொடுத்த கிற்றார்

1. அளவு நாடா

ஆர்ச்வேயில் பஸ்கள் திரும்பும் வீதிக்குப் பின்னால் இருந்தது கடை. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்த முதல் நாள், முதலாளி ரொன் எனக்கு முதலில் சொல்லித் தந்தது வாடிக்கையாளரின் இடது கையை, கம்பிகளை அழுத்தும் கையை, பிடித்து அளப்பதை. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனிவரை ஓர் அளவு. நடுவிரலின் நீளம் இன்னோர் அளவு. இரண்டையும் ஓடர் புத்தகத்தில் எழுத வேண்டும்.

"மரத்தைப் பற்றி ஆட்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நீ கையைக் கேள்" என்றார் ஆங்கிலத்தில்.

நாங்கள் விற்றது கிற்றார் கிட். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாங்களே கட்டிக்கொள்ளும் பெட்டி. உள்ளே வர்ணம் பூசாத மர உடல், நெக் என்று சொல்கிற கழுத்து, கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், வயர், திருகாணிகள், ஒரு விளக்கத் தாள். எந்தக் கிட் யாருக்குப் பொருந்தும் என்று தெரிந்து கொடுப்பதுதான் கவுண்டரில் என் வேலை. கேள்விகள் மூன்று. வலக்கைக் கிற்றாரா, இடக்கைக் கிற்றாரா? நெக் எவ்வளவு மெல்லிசாக வேண்டும்? அதை உடலோடு போல்ட் போட்டுப் பூட்டுவதா, குளூ போட்டு ஒட்டுவதா? போல்ட் போட்டதைக் கழற்றலாம். ஒட்டியது ஒட்டியதுதான்.

இரண்டு வருடத்தில் எத்தனையோ கைகளைப் பிடித்துவிட்டேன். பிளம்பரின் கை, மாணவனின் கை, தோடம்பழம் மணக்கும் ஒரு பஸ் சாரதியின் கை. மழையிலிருந்து வரும் கைகள் மீனைப் போலக் குளிர்ந்திருக்கும். முகங்கள் மறந்துவிட்டன. கைகள் மறக்கவில்லை.

2. பொக்கெற்றுக்குள் ஒரு கை

ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் தேவன்.

"தங்கச்சி தமிழோ?"

"ஓம் அண்ணை."

"ஊரில எவடம்?"

சொன்னேன். அவரும் சொன்னார். எந்த வருடம் வந்தது என்பதையும் இருவரும் சொல்லிக்கொண்டோம். அதோடு கேள்விகள் நின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும்.

ஊரில் அவருடைய இசைக்குழுவில் இருந்தவர்களில் மூன்று பேர் இப்போது ஹரோவில் இருந்தார்கள். மே மாதம் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூட விழா. பழைய குழுவை மறுபடி மேடையேற்றப் போகிறார்கள்.

"லீட் கிற்றார் நான்தான். மேக்குள்ள கட்டி முடிக்கோணும். நான் இல்லையெண்டால் ஆரோ டொக்டரிட மகனைப் போடப் போறாங்களாம். அவனுக்கு எங்கட பாட்டு ஒண்டும் தெரியாது."

"ரெடிமேட்டா ஒண்டு வாங்கலாமே அண்ணை?"

"அதில நெக் எல்லாம் தடிப்பு. இதெண்டால் நானே சீவி மெல்லிசாக்கலாம்."

"வலக்கைதானே?"

"எப்பவும் வலக்கைதான்."

பேசி முடியும்வரை அவருடைய இடது கை ஓவர்கோட் பொக்கெற்றுக்குள்ளேயே இருந்தது. கடைக்குள் ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. விளக்கத் தாளை முழங்கையால் அமத்திப் பிடித்து, வலது கையால் விரித்தார். பார்த்தேன். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஊர்ச் சண்டையில் விழுந்த ஷெல்லாக இருக்கும், அல்லது அதைவிட மோசமான ஏதோ. வெள்ளைக்காரனின் கையைப் பிடிப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. தங்கச்சி என்று கூப்பிடும் ஒருவரிடம், அந்தக் கையை வெளியே எடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நாடாவைச் சுருட்டிக் கவுண்டர் லாச்சிக்குள் வைத்தேன்.

"இந்த சாம்பிளை ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோவன்."

"வேண்டாம். கட்டினாப் பிறகு பாப்பம்."

அவர் கேட்டது: கை மேலே எட்டுவதற்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டு உள்ள உடல், இருந்ததிலேயே மெல்லிசான நெக், ஒட்டுகிற வகை.

"முதல் தரம் கட்டுறவைக்கு போல்ட்தான் நல்லம் அண்ணை."

"போல்ட் ஆடும் தங்கச்சி. ஒட்டினால் ஒரே மரம் மாதிரி."

மற்றவர்களோடு என்றால் கால் மணித்தியாலம் வாதாடியிருப்பேன். இவரோடு வாதாடவில்லை.

3. பெட்ஷீற்றில் சுற்றி வந்தது

ஏப்ரலில் பெட்ஷீற்றில் சுற்றிக் கொண்டுவந்தார். கருஞ்சிவப்பு வர்ணம், ஒரு தூசி ஒட்டாமல். உள்ளே ஓடும் இரும்புக் கம்பி வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு நெக்கைச் சீவியிருந்தார். முதல் தரம் கட்டியவரின் வேலை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"வேலை செய்யேல்லை தங்கச்சி."

"பிக்கப்போ?"

"நான்."

ரொன் பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிற்றாரைப் பார்த்தார், பொக்கெற்றைப் பார்த்தார். "உன் கைக்கு என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

தேவண்ணை கையை எடுத்து, கடைச் சாமான் பையை இறக்கி வைப்பதுபோலக் கவுண்டரில் வைத்தார். மோதிரவிரலும் சின்னவிரலும் பாதியோடு நின்றன.

"பாண் சுடுற பேக்டரி. வந்த முதல் வருசம். பாண் வெட்டுற மெஷின்."

"பிழை மெஷினிலா, உன்னிலா?"

"இரண்டிலும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தேவண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நீங்களும் ஷெல் எண்டுதானே நினைச்சியள்? கோயிலிலயும் எல்லாரும் அப்பிடித்தான். ஒருத்தரும் கேக்கேல்லை. சாப்பாட்டு லைனில என்னை முன்னுக்கு விடுகினம். அதுக்குப் பிறகு பாண் மெஷின் எண்டு எந்த வாயால சொல்லுறது?"

ரொன் இருபது செக்கனில் முடிவு சொன்னார். இவருக்குத் தேவை இடக்கைக் கிற்றார். முழுசாக இருக்கும் வலது கை கம்பிகளை அழுத்தட்டும்; இடது கைக்கு, கம்பியை மீட்டும் பிக்கைப் பிடிக்க இரண்டு விரல் போதும். இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டிய உடலும் போல்ட் நெக்கும் என்றால் தலைகீழாகத் திருப்பி மாற்றியமைக்க வழியுண்டு. இதில் வெட்டு பிழையான பக்கம். நெக் ஒட்டியாகிவிட்டது.

ஓடர் புத்தகத்தைப் புரட்டினார். கையளவு எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

"கேட்கவில்லையா?"

"இல்லை."

"ஏன்?"

லாச்சியைத் திறந்து அளவு நாடாவை எடுத்தேன்.

4. வலது கை

அன்றைக்கே அவருடைய வலது கையைப் பிடித்து அளந்தேன். சூடான, பெரிய கை. அந்த அளவுக்கு ஒரு இடக்கைக் கிட், போல்ட் நெக். மே மாத விழாவில் டொக்டரின் மகன்தான் லீட் வாசித்தான். தேவண்ணை மூன்றாவது வரிசையில் இருந்தாராம்.

"பெடியன் ஒரு பிழை விடேல்லை. அதுதான் கோவம்."

இலையுதிர் காலத்தில் கம்பியின் உயரத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கம்பி ஒலிக்காமல் செத்தது. விரல்களைக் கம்பிகளில் வைத்து ஒரு கோர்ட் பிடிப்பார், தூஷணத்தில் ஒரு சொல் சொல்வார், அடுத்ததைத் தேடுவார். இப்படியே ஒரு மணித்தியாலம்.

பிறகு நான் இன்னும் பல வருடம் அந்தக் கவுண்டரில் நின்றேன். கிட் விற்கிற, தெரிந்து கொடுக்கிற வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான்: மரம், பிக்கப், வர்ணம் எல்லாம் பிறகு. கையைக் கேளுங்கள். ஒளித்து வைத்திருக்கிற கையை முதலில் கேளுங்கள். கேட்காமல் விடுவது மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். கேட்காததால் சுகமாக இருந்தது நான் மட்டும்தான்.

பெப்ரவரியிலேயே சரியான கிட்டைக் கொடுத்திருந்தால் தேவண்ணை மே மாத மேடையில் வாசித்திருப்பாரா என்று அந்த நாட்களில் ஒருநாள் ரொனையும் அவரையும் வைத்துக்கொண்டே கேட்டேன். மூன்று மாதத்தில் புதிய கையைப் பழக்க யாராலும் முடியாது என்றார் ரொன். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

தேவண்ணை கிற்றாரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஏலும்" என்றார்.