ஏழுமலை வீட்டு வாசலில் தனபால் மாமா

அன்று காலை ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பெயர்கள்தான் கூப்பிட்டிருப்பேன். என் கணவர் செந்தில் பள்ளி நேரத்தில் என்னை அழைக்கிறவர் அல்ல. கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. "அப்பா போயிட்டாரு மலர். காபி குடுக்கப் போனேன். மிஷின் ஓடிக்கினு இருக்கு, அவரு இல்ல" என்றார். மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் மாமனார் தனபாலை, இதைப் படிக்கிற உங்களில் பலருக்குச் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்தவராகத் தெரியும். "ஷிப்டு முடியறது மணியில இல்ல, அடுத்த ஆளு வந்து நிக்கறதுல" என்பார். மாற்று ஆள் வராத நாட்களில் முணுமுணுக்காமல் இன்னொரு ஷிப்டும் நின்றவர். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்துக்கு வந்த பிறகும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் மனு எழுத அவரைத் தேடி வந்தார்கள். யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. எழுதி முடித்ததும் வந்தவரிடமே கொடுத்து, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுப்பா, உன் கையாலயே போடு" என்பார். அந்தக் கடைசிச் சொல்லின் பொருள் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, "உங்க ஊர் எது மாமா?" என்று கேட்டேன். "இப்ப அது பள்ளம்மா" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. அவர்கள் ஊர் சுரங்கத்துக்குப் போனது, நிலத்துக்கு ஈடாக வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தது, அந்த வேலைக்கு மாமா போனார். தங்கை அஞ்சலை திருப்பூருக்கும் தம்பி ஏழுமலை சேத்தியாத்தோப்புக்கும் பிழைக்கப் போனார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஏழுமலை எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வந்ததில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் மாமாவின் நுரையீரல் சுருங்கத் தொடங்கியது. ஆக்சிஜன் மிஷினோடுதான் வாழ்க்கை என்றாகிவிட்டது. இந்த ஏப்ரலில் ஒரு நாள், "எல்லாரையும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்" என்றார். பஸ்ஸோ காரோ முடியாது. மிஷினுக்கு மின்சாரம் வேண்டும், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். புதுச்சேரியில் சுற்றுலா வண்டிகள் விடும் செந்திலின் நண்பர் ஒரு கேரவனைத் தந்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, பிளக் பாயின்ட் எல்லாம் உள்ளே இருந்தன. சினிமாக்காரர்கள்தான் அதில் போவார்கள் என்று நினைத்திருந்த என் மகள் யாழினி, மேல் படுக்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றாள். மே மாத விடுமுறையில் கிளம்பினோம். செந்தில் ஓட்டினார்.

"சேத்தியாத்தோப்பு பக்கத்துலதான்பா இருக்கு, மொதல்ல அங்க போயிடலாமே" என்றார் செந்தில்.

"அது கடைசி" என்றார் மாமா.

சேலத்தில் அவருடைய பெரியம்மா மகள் வீடு. அங்கே இருந்தவர்களுக்கு மாமாவைவிட வண்டிதான் அதிசயமாக இருந்தது. வரிசையாக ஏறி வந்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார்கள், கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள், படுக்கையில் இருந்த மாமாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூக்கில் குழாயோடு அவரும் சிரித்தார். அவர்கள் இறங்கியதும், "பொணத்தப் பாக்க வர்ற கூட்டத்த நானே பாத்துட்டேன்" என்றார். யாழினி மேலே விழித்துக்கொண்டிருந்ததால் நான் பேச்சை மாற்றினேன்.

திருப்பூரில் அஞ்சலை அத்தை இருக்கும் சந்துக்குள் வண்டி நுழையவில்லை. பனியன் கம்பெனி வேலை முடிந்து, தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு, கருவாட்டுக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தார். வண்டிக்குள் ஏறி அண்ணனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். இரண்டு வாய் இறங்கியது. அவ்வளவுதான்.

"ஏழுமலைய பாத்தியாண்ணே?"

"போவப் போறேன்."

"சொல்லப் போறியா?"

மாமா தலையாட்டினார். அத்தை சட்டியை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொல்லு. ஆனா அவன் உன்ன வுட்டுடுவான்னு நெனச்சுகினு போவாத" என்றார். என்ன விஷயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கரூர், திருச்சி, ஜெயங்கொண்டம் வழியாகத் திரும்பி வந்து மறுநாள் மதியம் சேத்தியாத்தோப்பில் நின்றோம். ஏழுமலை குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர். சாலையிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு நாற்பது அடி இருக்கும். மாமா இறங்கி நடந்தே தீருவேன் என்றார். கையில் எடுத்துப்போகும் சிறிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு செந்தில் பின்னால் போனார். தோளைத் தாங்கப் போன என்னை, "வேணாம்மா, நானா போவணும்" என்று தடுத்தார். மூன்று இடத்தில் நின்றார். அதற்குள் ஏழுமலை வெளியே வந்துவிட்டார். வா என்று சொல்லவில்லை. அவர் மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தபோது, "உள்ள கொண்டு போ" என்றார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." மாமா மூச்சு வாங்கினார். "சுரங்க ஆபீசுல இருந்து வேலைக்குன்னு வந்த லெட்டர்ல உன் பேருதான் இருந்துச்சு. அப்பா உன் பேரத்தான் குடுத்திருந்தாரு. நீ அறுப்புக்கு வெளியூரு போயிருந்தே. தம்பிக்கு வேலை வேணாமாம், எனக்குக் குடுங்கன்னு நான் எழுதிக் குடுத்தேன். உன் கையெழுத்தயும் நான்தான் போட்டேன். லெட்டர வாங்கினது அஞ்சலை. அவள மெரட்டி வெச்சேன்."

ஏழுமலை கோபப்படுவார், கத்துவார் என்று பயந்துகொண்டு நின்றோம். அவர் குரல் எழும்பவே இல்லை.

"வேலைய உனக்குக் குடுத்து அப்பாதான் என்ன ஏமாத்திட்டாருன்னு நெனச்சிகினு இருந்தேன். சாவற வரைக்கும் அந்த மனுசங்கிட்ட நான் மொகம் குடுத்துப் பேசல. படுக்கையில கெடந்து கூப்புட்டாரு, போவல. வேலைய வுடு. அத எனக்குத் திருப்பிக் குடுப்பியா நீ?"

ஏழுமலை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்ததைவிடத் திரும்பி நடக்க அதிக நேரம் பிடித்தது. செந்தில் வண்டியை எடுத்தார். வடலூர் தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பி, "சொல்லாமயே செத்திருக்கலாமாம்மா? நீ டீச்சரு, சொல்லு" என்றார். "தெரியல மாமா" என்றேன். என்னிடம் இருந்தது அதுதான். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "நான் போனப்புறம் யார் கேட்டாலும் மறைக்காத. உயிரோட இருக்கறப்ப என் வாயால சொல்லணும்னுதான் போனேன்." அவர் அனுமதி இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அதன் பிறகு மூன்று மாதம் இருந்தார். செந்தில் குளிப்பாட்டினார், மருந்து கொடுத்தார். ஆனால் அப்பாவோடு அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தால் அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வருகிறது என்று என்னிடம் சொல்லி ஒருநாள் அழுதார். மாமாவுக்கும் அது தெரிந்திருந்தது. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஏழுமலை வரவில்லை.

சாவுக்கு வந்தார். எதிர்ச்சாரி டீக்கடை ஓரம் தனியாக நின்றிருந்தவரை நான்தான் பார்த்தேன். போய், "உள்ள வாங்க சின்ன மாமா" என்றேன்.

"மூச்சு வாங்கிகினு என் வாசல்ல நின்னான். ஒரு நாற்காலி போட வுடல நான்" என்றார். "அவன் செஞ்சது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக் கழிச்சுக்க முடியலம்மா."

உள்ளே வந்து அண்ணனின் கால்மாட்டில் நின்றார். தொடவில்லை. சுடுகாடு வரை கூட்டத்தின் கடைசியில் நடந்தார். எல்லாம் முடிவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். மன்னித்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த எல்லோரும் தனபால் மாமாவைப் போல ஒரு நல்ல மனிதர் உண்டா என்றார்கள். என்னிடம் அவர் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மனிதருக்காக நான் அழுகிறேன். ஆனால் செந்தில் படித்தது, நான் வாழ வந்த வீடு, யாழினி போகிற பள்ளி எல்லாம் அந்த ஒரு வேலையிலிருந்து வந்தவை. இத்தனை வருடம் தெரியாமல் அனுபவித்தேன். இனித் தெரிந்தே அனுபவிக்க வேண்டும். மாமா எனக்கென்று விட்டுப்போனது அந்தத் தெரிதல்தான். அதை வைத்துக்கொள்கிறேன்.