ரதோமிரின் பைக்கு நான் பின்னிய கம்பளி உறை

எங்கள் தாதி நெவெங்காவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை, முதியோர் இல்லத்துக்கு ரொட்டி கொண்டுவரும் வண்டிக்காரர். இருபது வருடமாக எங்களைப் போன்றவர்களின் மூத்திரப்பையைக் காலி செய்துகொண்டிருந்தவளுக்கு நல்ல காலம் பிறந்தது என்று இல்லமே பூரித்துப்போனது.

அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. தண்ணீர் குடித்தேன் என்று பொய் சொன்னால் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகும்முன் கை கழுவிக் கழுவி அவள் விரல்கள் சிவந்தே இருக்கும்.

கல்யாணத்துக்கு அவள் கேட்ட ஒரே சீர், என் கணவர் ரதோமிரின் அக்கார்டியன் வாசிப்பு. அவரோ இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மூத்திரக்குழாயோடு கிடந்தார். இரண்டு மாதத்தில் மூன்று முறை குளிர்காய்ச்சல்.

மூன்றாவது காய்ச்சலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தாலே நீர்க்கடுப்பு வரும் என்று சொல்லித்தான் செர்பியாவில் எங்களை வளர்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே அவருடைய மூத்திரப்பை குளிரில் தொங்குவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. கம்பளியில் உறை பின்னி, பையை அதற்குள் போட்டு, போர்வைக்குள் அவர் வயிற்றின்மேல் வைத்துவிடுவேன். காலடிச் சத்தம் கேட்டதும் பழையபடி தொங்கவிடுவேன். அன்று நெவெங்கா சத்தமில்லாமல் வந்துவிட்டாள்.

"பின்னல் நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா பையை மேல வெச்சா, எறங்கின மூத்திரம் கிருமியோட திரும்ப உள்ள போகும். தரையிலயும் படாம, இடுப்புக்குக் கீழயே தொங்கட்டும்."

வெட்கத்தில் அழுதுவிட்டேன். அவரைக் காய்ச்சலில் தள்ளியது என் பாசமேதானோ!

நெவெங்கா அதோடு விடவில்லை. இந்தக் குழாய் இன்னும் எதற்கு என்று தினமும் காலையில் டாக்டரைக் கேட்டாள். காய்ச்சல் விட்டதும், கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு, டாக்டர் அதை எடுக்கச் சொன்னார். மூத்திரம் தானாக வராவிட்டால் மறுபடி குழாய்தான், கல்யாணத்தில் அக்கார்டியனும் இல்லை. மூன்று மணிநேரம் ஒன்றும் வரவில்லை. நான் கும்பிடாத புனிதர் இல்லை. நான்காவது மணிநேரத்தில் கழிவறையிலிருந்து சத்தம் கேட்டது. நடைபாதை முழுக்கக் கைதட்டல்.

கல்யாணத்தன்று அவர் வாசிக்க, கைகோத்து வட்டமாகக் கோலோ ஆடினோம். நடுவில் இசை நின்றது. ரதோமிர் தடியை ஊன்றி வெளியே நடந்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மணப்பெண்ணோ வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி கழிவறை வாசலுக்கே போய் நின்றாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கதவு திறந்ததும் கேட்டாள். "மாமா, எரிச்சல் இருந்துச்சா?"

"இல்லடி கல்யாணப் பொண்ணே. சோப்புப் போட்டுக் கையும் கழுவிட்டேன். நீ போய் ஆடு."

அந்த ஈரக் கையை அவள் தன் கவுனிலேயே துடைத்துவிட்டு, அவரை அக்கார்டியனிடம் கூட்டிப்போனாள்.