வட்டி வேண்டாத நாற்பதாயிரம்

பள்ளிமுனை அன்ரோனெற் மன்னார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் சிற்றூழியராக வேலை பார்த்தவள். எழும்ப முடியாத ஆளை ஒருத்தியாகவே புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகுப் புண்ணைப் பார்த்து முகம் சுழிக்க மாட்டாள். ஐயோ பாவம் என்றும் சொல்ல மாட்டாள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வந்தவனைக் கட்டியிருந்தால் வேலை முடிந்து போய் வீட்டிலும் ஒருவரைப் புரட்ட வேண்டி வந்திருக்கும் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அவளுடைய சிநேகிதி உம்மு ஸல்மா முஸ்லிம் தெருவான மூர்வீதியில் தையல் தைத்தவள். ஸல்மாவின் உம்மா பாரிசவாதத்தில் இரண்டு வருடம் கிடந்தபோது, அன்ரோனெற் வேலை முடிந்து வீடு போகும் வழியில் இறங்கிப் புண் கழுவிக் கட்டிவிட்டுப் போவாள். காசு வாங்கவில்லை. ஸல்மாவும் விடவில்லை. அந்த இரண்டு வருடமும் அன்ரோனெற்றின் சட்டை ஒவ்வொன்றும் ஸல்மாவின் கையால் தைத்தது. உம்மா மௌத்தாகி அடக்கிய பிறகும் அன்ரோனெற் அந்த வழியாலேயே வீடு போனாள், அது சுற்றுப் பாதையாக இருந்தும்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்னது. ஸல்மா பின்பக்க வேலியால் வந்தாள். கையில் பால்மா வந்த ஒரு தகரப் பேணி. அதற்குள் நாற்பதாயிரம் ரூபாய், மகளுக்கு வீடு கட்டவென்று ஒன்பது வருடம் தைத்துச் சேர்த்தது. கொண்டுபோனால் வழியில் பறித்துவிடுவார்கள் என்றாள்.

"நீ வச்சிரு புள்ள. இது அமானிதம்."

அமானிதம் என்றால், நம்பித் தந்தவர் கேட்கிற நாளில் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். அந்தச் சொல்லை அன்ரோனெற்றுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மூர்வீதியில் அவ்வளவு காலம் புழங்கியவள். பேணியை வாங்கி விறகுக்குக் கீழே வைத்தாள். ஸல்மாவும் புருஷன் முஹைதீனும் மகளும் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். அடுத்த மாதம் சண்டை வந்தது. அன்ரோனெற்றும் மடுக் கோயில் அகதி முகாமுக்கு ஓடினாள். பேணியைப் பழைய சீலையில் சுற்றித் தலைக்கு வைத்துப் படுத்து ஒரு வருடத்தைக் கழித்தாள். திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோது அவள் உடுப்பு மூன்று சோடி குறைந்திருந்தது. பேணி குறையவில்லை.

கற்பிட்டிப் பக்கம் ஒரு முகாமில் ஸல்மா இருக்கிறாள் என்ற சேதியைக் கொண்டுவந்தவன் சனூன், மீன் லொறி ஓடுகிறவன். கடிதங்கள் அவன் கையில் போய் வந்தன. காசை அனுப்பவா என்று அன்ரோனெற் கேட்டதற்கு, ஓலைக் கொட்டிலில் வைக்க இடமில்லை, ஊர் திரும்பும்வரை உன்னிடம் இருக்கட்டும் என்று பதில் வந்தது.

ஆனால் பேணியில் கிடந்த காசு இளைத்துக்கொண்டே போனது. தாள்கள் அதேதான். சீமெந்தும் மரமும் தகரமும் ஏற ஏற, ஒரு வீட்டின் காசு அரை வீட்டின் காசாகியது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிற நோயாளிகளை அன்ரோனெற் பார்த்திருக்கிறாள். சும்மா விட்டால் என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் நூற்றுக்குப் பதினான்கு தருவார்கள் என்று எழுதினாள். ஸல்மாவின் பதில் நாலு வரி. வட்டி மட்டும் வேண்டாம், மார்க்கத்தில் ஆகாது. வியாபாரத்தில் போட்டு, லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் சம்மதம். மற்றதெல்லாம் உன் இஷ்டம்.

தொண்ணூற்று நாலு தை மாதம் ஒரு நோயாளியோடு அவளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பேணிக் காசையும் மடியில் கட்டிக்கொண்டு போனாள். கோட்டையில் ஒரு யூனிட் ட்ரஸ்ட் கொம்பனியில் அவளுடைய சின்னம்மாவின் மகன் தோமஸ் கிளாக்காக இருந்தான். அவன் விபரம் சொன்னான். ஆயிரம் பேரின் காசைச் சேர்த்து ஒரு மனேஜர் பங்குகள் வாங்குவார். லாபமும் நட்டமும் ஆயிரம் பேருக்கும் பிரியும். அவர்களிடம் இருந்த நிதியங்களில் ஒன்று நாட்டின் மிகப் பெரிய, பழைய கொம்பனிகளின் பங்குகளை மட்டும் வாங்குவது. அதிலும் எல்லோரும் விழுந்தடித்து வாங்குகிற பங்கு இல்லை. நல்ல சொத்தும் வருமானமும் இருந்தும் சனம் சலித்துப்போய் மலிவாக விற்கிற பங்கு. பெறுமதிக்குக் குறைய வாங்கி, சனத்துக்குப் புத்தி வரும்வரை வைத்திருப்பதுதான் அவர்களுடைய வழி.

"புத்தி வர எவ்வளவு காலம் செல்லும்?"

"அஞ்சு வருசமும் செல்லும், பத்தும் செல்லும். சொல்லேலாது அக்கா."

அது அவளுக்குப் பிடித்தது. நாளைக்கே சுகமாகும் என்று சொல்கிற டொக்டரை அவள் நம்பியதில்லை. ஆனால் தாளில் இரண்டு விலை இருந்தது. ஒரு யூனிட்டை வாங்கப் பத்து ரூபாய் ஐம்பது சதம். அதையே கொம்பனிக்குத் திருப்பி விற்றால் பத்து ரூபாய்.

"காலமை வாங்கிப் பின்னேரம் வித்தாலும் பத்துத்தானோ?"

"பத்துத்தான்."

"அப்ப அந்த ஐம்பது சதம்?"

உள்ளே வருவதற்கான கட்டணம், கந்தோர்ச் செலவு, முகவர் கூலி என்று தோமஸ் இழுத்தான்.

"உன்ரை சம்பளமும்."

"ஓம், என்ரை சம்பளமும்."

அதோடு வருடா வருடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பராமரிப்புக்கு எடுப்பார்கள். நட்டப்பட்ட வருடத்திலும் எடுப்பீர்களா என்று கேட்டாள். எடுப்போம் என்றான். நோயாளி செத்தாலும் டொக்டருக்குக் காசு என்றாள். தோமஸ் சிரித்துவிட்டு, மனேஜர் கேட்டாரோ என்று திரும்பிப் பார்த்தான்.

அவள் யோசித்தாள். முதலில் எடுக்கிற கட்டணம் ஊசி குத்துவது போல, ஒருநாள் நோவு. நெடுங்காலம் வைத்திருந்தால் மறந்துவிடும். வருடா வருடம் எடுக்கிற இரண்டு ரூபாய்தான் சத்தமில்லாமல் கசிகிற இரத்தம், அதைத்தான் கவனிக்க வேண்டும். ஆனாலும் ஸல்மாவின் நாற்பதாயிரம் முழுதாக உள்ளே போக வேண்டும் என்று நினைத்தாள். நாலாயிரம் யூனிட் வாங்க நாற்பத்தீராயிரம் வேண்டும். கொழும்பில் மூக்குக் கண்ணாடி மாற்றவென்று கொண்டுவந்த இரண்டாயிரம் கைப்பையில் இருந்தது. அதை எடுத்து வைத்தாள்.

கொம்பனிகளின் பட்டியல் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. பழைய கண்ணாடியில் அது எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. வட்டி இல்லைத்தானே என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான் தோமஸ். யூனிட் எழுதியது அவள் பெயரில். முகாமுக்கு ஒழுங்கான விலாசம் இல்லை.

அந்த வருடமே விலை இறங்கத் தொடங்கியது. ஒன்பது, எட்டரை, எட்டு. ஆஸ்பத்திரிக் கந்தோருக்கு நாலு நாள் பிந்தி வரும் பேப்பரில் பார்ப்பாள். ஒருநாள் காய்ச்சலைப் பார்த்து நோயைச் சொல்லக்கூடாது என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். பங்குலாபமாக வந்த சிறு காசோலைகளை மாற்றிப் பேணிக்குள்ளேயே போட்டு வைத்தாள்.

தொண்ணூற்றெட்டில் ஒருவழியாகக் கண்ணாடி மாற்றினாள். அந்த மாதம் நிதியத்தின் அறிக்கைப் புத்தகம் தபாலில் வந்தது; ஆமிக் காவலரணில் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். புதுக் கண்ணாடியைப் பரீட்சை பண்ணுவது போலப் பின்பக்கத்தைப் படித்தாள். முதலாவது பெயர் ஒரு வங்கி. மூன்றாவது சிகரெட் கொம்பனி. ஐந்தாவது சாராயம் வடிக்கிற கொம்பனி. கீழே இன்னொரு வங்கி.

வங்கி என்னத்தை விற்கிறது? வட்டியைத்தான். நாலு வருடமாக ஸல்மாவின் அமானிதத்தை வட்டியிலும் சிகரெட்டிலும் சாராயத்திலும் போட்டு வைத்திருக்கிறாள். அதுவும் நட்டத்தில். விலை இப்போது ஏழேகால்; நாற்பதாயிரம் இருபத்தொன்பதாயிரமாக நின்றது. கேளாமல் வங்கி வைப்பில் போட்டிருந்தால் எழுபதினாயிரத்தைத் தொட்டிருக்கும்.

மூன்றாம் நாள் சனூன் கடிதம் கொண்டுவந்தான். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு காணி விலைக்கு வந்திருக்கிறது, முப்பதாயிரம் கேட்கிறான், மாத முடிவுவரை பொறுப்பான், காசை எடுத்து அனுப்பு என்று ஸல்மா எழுதியிருந்தாள்.

அன்ரோனெற்றின் சேமிப்புப் புத்தகத்தில் பதினெட்டாயிரம் இருந்தது. பதினோராயிரத்தை எடுத்துச் சேர்த்து, நாற்பதாயிரமாகக் கட்டி அனுப்பினால் ஒருவருக்கும் தெரியவராது. ஒருநாள் முழுக்க அப்படித்தான் செய்ய இருந்தாள். மறுநாள் வார்ட்டில், சுகமாகிவிடும் என்று பொய் சொல்லி நம்பவைக்கப்பட்ட ஒரு மனுஷி, ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று அவளைக் கேட்டாள். அன்று பின்னேரமே, ஊரை விட்டு வெளியே போக ஆமியிடம் எடுக்க வேண்டிய பாஸுக்கு எழுதிக் கொடுத்தாள். ஸல்மா இனித் தன் முகத்தில் முழிப்பாளோ என்பது ஒன்றுதான் யோசனை.

மதவாச்சியில் ஒரு சோதனை, அநுராதபுரத்தில் ஒரு சோதனை. புத்தளம் வழியாகக் கற்பிட்டி முகாமுக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள். எட்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிற ஸல்மாவின் முன்தலை நரைத்திருந்தது. கொட்டில் வாசலில் தையல் மெசின். கட்டிப்பிடித்து அழுது முடியும் மட்டும் அன்ரோனெற் பொறுத்திருந்தாள். பிறகு தேத்தண்ணியைத் தொடாமல் தாள்களை எடுத்துப் பாயில் பரப்பினாள்.

"முதல்லை இதைக் கேள். பிறகு தேத்தண்ணி தாறதோ இல்லையோ எண்டு யோசி."

ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். வங்கிகள் நூற்றுக்குப் பதினாறு, சிகரெட்டும் சாராயமும் ஒன்பது. விலை இவ்வளவு, நட்டம் இவ்வளவு, கூலி இவ்வளவு. மூலையில் கதிரையில் இருந்த முஹைதீன் மெல்ல இருமினார்.

"நீங்க இருமாதீங்க" என்றாள் ஸல்மா அவரைப் பாராமலே. "நீங்க ஊதித் தள்ளின சிகரெட்டுக்கு அந்தக் கொம்பனிக்காரன் எங்களுக்கு இன்னும் லாபம் தரவேணும்."

முஹைதீன் தலையைக் குனிந்துகொண்டார். ஸல்மா யூனிட் பத்திரத்தைக் கையில் எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"நான் தந்தது நாற்பது. இதுல நாற்பத்தீராயிரம் எண்டு கிடக்கு."

தான் போட்ட அந்த இரண்டாயிரத்தைப் பற்றி மட்டும் அன்ரோனெற் வாயே திறந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல், கண்ணாடிக் காசு என்று இப்போது சொன்னாள். ஸல்மாவுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. வங்கிக்கும் சாராயத்துக்கும் வராத கோபம்.

"அமானிதம் வச்சிருக்கிறவ கூலியும் குடுத்தா வச்சிருப்பா? எனக்கு ஒரு சொல் எழுதக் கை வரல்லியா? கண்ணாடி போட்டிருந்தா அண்டைக்கே பட்டியல வாசிச்சிருப்பாய், விசரி."

"வாசிச்சிருப்பன்."

"அப்ப ரெண்டாயிரத்தால வந்த வினை இவ்வளவும்."

"ஓம்" என்றாள் அன்ரோனெற். அழுகிற பழக்கம் இல்லாதபடியால் தாள்களை அடுக்கினாள்.

ஸல்மா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து அவள் கையில் வைத்தாள். ஆறிவிட்டது, ஆனாலும் குடி என்றாள். பிறகு, இப்போது விற்றால் ஏழேகால், பொறுத்தால் எவ்வளவு வரும் என்று கேட்டாள்.

"தெரியாது. தோமஸ் பொறு எண்டுதான் சொல்லுறான். அவையளுக்கு வருசா வருசம் ரெண்டு ரூபா விழுகுது, வேறையென்ன சொல்லுவான்."

"நீ என்ன சொல்றாய்?"

அன்ரோனெற் யோசித்துச் சொன்னாள். கொம்பனிகள் உடைந்துபோகவில்லை. யுத்தத்துக்குப் பயந்து சனம் மலிவாக விற்கிறது. பொறுக்க முடிந்தவள் பொறுக்கலாம். தலைக்கு மேல் கூரை இல்லாதவளைப் பொறு என்று சொல்ல அவளால் முடியாது.

ஸல்மா பாயின் ஓரத்தை நீவியபடி கணக்குப் பார்த்தாள். பக்கத்துக் கொட்டில் குடும்பமும் காணி தேடுகிறது. முப்பதாயிரத்துக் காணியைப் பாதி பாதியாக வாங்கலாம். பதினையாயிரம் போதும். யூனிட்டில் பாதியை விற்றால் பதினாலாயிரத்தைந்நூறு. அன்ரோனெற் கொண்டுவந்த பேணியில் பங்குலாபம் நாலாயிரத்து எண்ணூறு. அதில் நாலில் ஒரு பங்கை ஸல்மா தனியே பிரித்து வைத்தாள். வங்கியும் சிகரெட்டும் சாராயமும் தந்தது. தெரியாமல் வந்தது, ஆனால் தன் பிள்ளையின் வீட்டுக்கு ஆகாது என்றாள். மிச்சத்தையும் சேர்த்தால் காணிக்கும் உறுதிப் பத்திரம் எழுதவும் காணும்.

விற்கிற படிவத்தில் யூனிட் தொகை எழுதுகிற இடத்தைக் காட்டச் சொன்னாள். இரண்டாயிரம் என்று தன் கையாலேயே எழுதினாள். அன்ரோனெற் கையெழுத்துப் போட்டாள்.

"மற்றப் பாதி?"

"உன்னோட கிடக்கட்டும்."

"இப்ப தெரிஞ்சும் வச்சிருக்கலாமோ?"

"அதுக்கு நான் அல்லாட்ட பதில் சொல்லிக்கிறன். விலை பத்துக்கு வந்த அண்டைக்கு, ஒருநாளும் பிந்தாம எடுத்துடு. ஒம்பதே முக்காலுக்கும் வேணாம், பன்னெண்டு வரும் எண்டு ஆசப்படவும் வேணாம்."

"இன்னும் விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருப்பம். நட்டத்துக்கும் சம்மதம் எண்டுதானே எழுதினன்."

அன்ரோனெற் அன்று பகல் அங்கேயே சாப்பிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்தவள், பிறத்தியார் வீட்டில் பகலில் கண்ணயராதவள், பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நித்திரை கொண்டாள். எழும்பியபோது சட்டையின் கை ஓரம் பிரிந்திருந்ததை ஸல்மா அவள் போட்டிருந்தபடியே தைத்து முடித்திருந்தாள்.

பிரித்து வைத்த ஆயிரத்து இருநூறை, ஆஸ்பத்திரியில் யாருக்காவது செலவழி என்று சொல்லி ஸல்மா அவளிடமே கொடுத்துவிட்டாள். அன்ரோனெற் கொழும்புக்குச் சுற்றிப் போய்க் கோட்டையில் படிவத்தைக் கொடுத்து, விற்ற காசைக் கற்பிட்டிக்கு அனுப்ப ஒழுங்கு பண்ணிவிட்டு, அந்த ஆயிரத்து இருநூறுக்கு இரண்டு ரப்பர் விரிப்பு வாங்கிக்கொண்டாள். வார்ட்டில் இருந்தவை வெடித்துப்போய்க் கிடந்தன. ஒன்றை, நெஞ்சுச் சளியோடு மூன்று வாரமாகக் கிடந்த தாழ்வுபாட்டு ஊர்க்காரர் இன்னாசிமுத்துவின் கட்டிலில் விரித்தாள். தலையணைக்குக் கீழே பீடி ஒளித்து வைத்திருக்கிற மனுஷன். விரிப்பைத் தடவிப் பார்த்து, ஆர் தந்தது பிள்ளை என்று கேட்டார்.

"சிகரெட் கொம்பனி" என்று சொல்லி, மூலையை இழுத்துச் செருகினாள்.