சிலுவைராஜ் கேட்டு வாங்கிய கம்பங்கள்

சிலுவைராஜுக்குக் கடிதம் எழுதுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க் வேலை. ஃபேரர் பார்க் வாடகை வீட்டிலிருந்து பிடோக் நாலறை வீட்டுக்கு 1976-இல் குடிபோனபோது, கட்டிலுக்கு முன்னால் மாடி ஏறியது அவருடைய டைப்ரைட்டர்தான். லிஃப்டில் யாராவது எச்சில் துப்பினாலும் மேல்மாடியிலிருந்து ஈரத்துணி சொட்டினாலும் உடனே குடியிருப்பைப் பராமரிக்கும் அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பறக்கும். அடியில் முழுப்பெயர், அடுக்குமாடி புளோக் எண், வீட்டு எண். பெயர் போடாமல் எழுதுகிறவன் கோழை என்பது அவர் கட்சி.

புளோக்குக்கு எதிரே கால்வாய். அக்கரையில் அந்தோணியார் கோயில். ஞாயிறு பூசைக்குப் போக மெயின் ரோட்டைச் சுற்றி இரண்டு பஸ் நிறுத்த தூரம் நடக்க வேண்டும். கால்வாய்க் கரையில் போட்டிருந்த நடைபாதையோ பாதி வழியில் புல்லுக்குள் போய் முடிந்துவிடும். ஒரு நடைபாலம் கட்டி, பாதையைக் கோயில் வாசல்வரை நீட்ட வேண்டும் என்று ஆறு வருடம் எழுதினார். 1982 மார்ச்சில் பாலம் வந்தது, பாதையும் நீண்டது. திறப்பு விழாவில் யார் யாருக்கோ மாலை விழுந்தது. சிலுவைராஜ் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அந்த மனிதர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாவம்தான், ஆனால் அவருக்கு அந்தப் பசி எப்போதும் உண்டு.

ஜூன் மாதத் திருவிழாவுக்கு அவர் கமிட்டித் தலைவர் ஆனார். சப்பரம் புதுப் பாலம் ஏறி இக்கரைக்கு வர வேண்டும், பாலம் ஏறுமிடத்தில் அலுவலக அதிகாரி சுந்தரம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சுந்தரத்தைத் தனியே பார்த்து, கடிதம் எழுதியது யாரென்று அந்த இரண்டு வார்த்தைக்குள் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார்.

இதற்கு நடுவில் ரொட்டிக்காரர் ஒலி முகம்மது வந்து சேர்ந்தார். மோட்டார் சைக்கிளில் ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி பாலம் வழியாக வர ஆரம்பித்தார். நடக்கிறவர்களுக்காக நான் வாங்கித் தந்த பாலத்தில் ரொட்டி வண்டியா என்று சிலுவைராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம். டேப்பை எடுத்துப் போய், நின்றிருந்த வண்டியின் கைப்பிடி அகலத்தை அளந்தார். பாலத்தின் இரண்டு வாயிலும் இரண்டடி இடைவெளியில் இரும்புக் கம்பம் நட வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பினார்.

அவர் மனைவி மதலேனா தினமும் ஒலி முகம்மதிடம்தான் ரொட்டி வாங்குகிறவள். "ஏங்க, அவரு ரொட்டி மட்டும் வேணும், வண்டி வேணாமா?" என்று கேட்டாள். சிலுவைராஜ் ரொட்டியை மென்றுகொண்டே, சட்டம் வேறு வயிறு வேறு என்றார்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, இக்கரையில் மூன்று, அக்கரையில் மூன்று என்று கம்பங்கள் இறங்கின. சிலுவைராஜ் போய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். டேப்பும் சட்டைப் பையிலேயே இருந்தது. கோயில் கொட்டகையில் நிற்கிற சப்பரத்தை அளக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் பேண்டு வாத்தியத்தோடு சப்பரம் வந்தது. பாலத்தில் ஏறப்போகும்போது நின்றது. சக்கரம் வைத்த சப்பரம் நாலடி அகலம். தூக்கிக் கடத்தலாமென்றால் அடியில் விளக்குக்கான பேட்டரிகள், பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லை. விஷயம் புரியாத பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

"யாரு இந்தக் கம்பத்த வெச்சது?" என்று ஃபாதர் கேட்டார்.

"ஆபீஸ்ல எவனோ வெச்சிருப்பான் ஃபாதர்," என்றார் சிலுவைராஜ். ஆறு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அதிகாரி சுந்தரம் நல்ல மனிதர். கொடுத்த வாக்கை மறக்காதவர். பேச இதுதான் நேரம் என்று நினைத்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"இந்தப் பாலத்துக்காக ஆறு ஆண்டுகள் ஓயாமல் கடிதம் எழுதியவர் உங்கள் திரு. சிலுவைராஜ். இந்தக் கம்பங்களும் அவர் கேட்டு வாங்கியவையே. இடைவெளியைக்கூட அவரே அளந்து அனுப்பினார்."

சுந்தரமே கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. ஃபாதர் சிலுவைராஜை ஒரு பார்வை பார்த்தார்.

சப்பரத்தைத் திருப்பி மெயின் ரோட்டு வழியாகத் தள்ளினார்கள். கம்பம் நட்டதிலிருந்து அப்படித்தான் சுற்றிப் போய்க்கொண்டிருந்த ஒலி முகம்மது, எந்த இடத்தில் சக்கரம் ஏறும், எங்கே இடிக்கும் என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். "மெதுவா லா, இங்க மேடு," என்று அவர் சொல்வது கடைசி வரிசையில் நடந்த சிலுவைராஜுக்கும் கேட்டது.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். பொதுமக்களுக்குப் பெரும் இடைஞ்சலாக இருக்கும் ஆறு கம்பங்களையும் உடனே அகற்ற வேண்டும் என்று அடித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "இவ்வட்டாரத்தில் வசிக்கும் ஒருவர்" என்று அடித்து, உறையை ஒட்டினார்.